பிள்ளையார் சந்தியில் அம்மா திரும்பியது

அம்மா கார் ஓட்டப் பழகியது எதற்காக என்று எட்டு வயதில் எனக்குச் சொல்லப்பட்ட காரணம் அப்பாவின் இடுப்புப் பிடிப்பு. நான் அதை நம்பவில்லை. இடுப்புப் பிடித்த மனிதர் நூல்கட்டைப் பெட்டிகளை இரண்டிரண்டாகத் தோளில் ஏற்றிக்கொண்டு எங்கள் வீட்டுப் படி முழுவதும் ஏறுவாரா? ஏறினாரே, என் கண்ணால் பார்த்தேனே! ஆனால் பெரியவர்கள் ஒரு காரணத்தைச் சொல்லிவிட்டால் அதுதான் காரணம். மேலே கேட்டால் "போய்ப் படி" என்பார்கள். நானும் போய்ப் புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு யோசித்தேன்.

அப்பாவின் தொழில் அந்தக் காரில்தான் நடந்தது. கண்டியில் நூல், பொத்தான், லேஸ், ரிப்பன் எல்லாம் மொத்தமாக வாங்கி, அக்குறணை, கலகெதரக் கடைகளுக்கும், வாரத்தில் ஒருநாள் நாவலப்பிட்டிக்கும் கொண்டுபோய்க் கொடுப்பார். காருக்கு என்னைவிட இரண்டு மடங்கு வயது. வெளிநாட்டிலிருந்து ஓர் ஆணிகூட வராத காலம் அது. திரும்பும்போது சிக்னல் காட்ட அதன் பக்கவாட்டில் எழுந்து நிற்க வேண்டிய சிவப்புக் கைகள் இரண்டும் எப்போதோ ஒடிந்துபோய், புதிது கிடைக்காமல், அந்த இடத்தில் தகரம் அடித்திருந்தது. திரும்ப வேண்டுமானால் ஓட்டுகிறவர் தன் கையைத்தான் ஜன்னலுக்கு வெளியே நீட்ட வேண்டும்.

ஒருநாள் பள்ளிக்கூடம் விட்டு வந்து சோற்றுக் கோப்பையோடு உட்கார்ந்திருந்தேன். சமையலறையில் அப்பா சொன்னது கேட்டது.

"நீ லைசன் எடுத்தா வண்டி நம்மகிட்ட நிக்கும். இல்லாட்டி வித்துர வேண்டியதுதான். வண்டி போனா வியாபாரமும் அதோட போச்சு."

அடுப்பில் ஏதோ கருகும் வாசனை வந்தது. அம்மா அடுப்பில் எதையும் கருகவிடுகிற ஆளில்லை. நன்றாக ஓடுகிற காரை, நன்றாக ஓட்டுகிற அப்பா, இடுப்பு வலிக்காக எதற்கு விற்க வேண்டும்?

அந்த வருஷம் முழுவதும் எனக்கு ஒன்றுமே விளங்கவில்லை. அக்குறணை முதலாளி ஒருவர் பச்சை நூல் கேட்டதற்கு அப்பா நீலத்தைக் கொடுத்துவிட்டு வந்தார். திருப்பி அனுப்பியபோது, "வெளிச்சம் போதல" என்றார். பட்டப்பகலில்! பொத்தான்களை நிறம் பிரிக்கும் வேலை என்னிடம் வந்தது. காரில் போகும்போது என்னை முன் சீட்டில் உட்காரவைத்து, "பாப்பா, எதுக்க என்ன வருது, சொல்லு பாப்போம்" என்பார். பஸ் என்றால், "எவ்வளவு தூரத்துல?" என்பார். சரியாகச் சொன்னால் ரிப்பன் துண்டு கிடைக்கும். அதை ஒரு விளையாட்டு என்றே நினைத்தேன். எத்தனை ரிப்பன் சேர்த்தேன் தெரியுமா! வகுப்பில் என் சடைக்குத்தான் ஏழு நிறத்திலும் ரிப்பன் இருந்தது.

எங்கள் வீடு கட்டுகஸ்தோட்டைப் பாலத்தைத் தாண்டி, மாத்தளை ரோட்டிலிருந்து வலது பக்கம் பிரிந்து மேலே ஏறும் சின்ன ரோட்டில் இருந்தது. பிரியும் இடத்தில் ஓர் அரசமரம், அதன் அடியில் ஒரு பிள்ளையார். எல்லாரும் அதைப் பிள்ளையார் சந்தி என்பார்கள். சந்திக்குக் கொஞ்சம் அப்பால் ரோடு வளைவதால், மாத்தளைப் பக்கமிருந்து வரும் பஸ்கள் திடீரென்று முன்னால் வந்து நிற்கும். லைசன் கொடுப்பதற்கு ட்ரயல் பார்க்க வருகிற ஐயாவும் எல்லாரையும் அந்தச் சந்திக்குக் கொண்டுவந்துதான் வலது பக்கம் திருப்பச் சொல்வார் என்பது ஊருக்கே தெரியும். அங்கே திரும்பத் தெரிந்தால் எங்கேயும் திரும்பலாமாம்.

ஆகவே அம்மாவின் பயிற்சி பெரும்பாலும் எங்கள் வீட்டு வாசலுக்குத் திரும்பி வருகிற பயிற்சியாகவே இருந்தது. முதலில் கண்ணாடியில் பின்னால் வருவதைப் பார்க்க வேண்டும். பிறகு கையை நேராக வெளியே நீட்ட வேண்டும், "ஈ ஓட்டுற மாதிரி இல்ல, நல்லா நீட்டு" என்பார் அப்பா. வேகத்தைக் குறைத்து ரோட்டின் நடுவுக்கு வர வேண்டும். எதிரே வருகிறவன் போகும்வரை நிற்க வேண்டும். பின்னால் எவன் ஹோர்ன் அடித்தாலும் அசையக் கூடாது. பிறகு, மூலையை வெட்டாமல், சின்ன ரோட்டின் வாய்க்கு நேரே வந்த பிறகுதான் ஸ்டியரிங்கை ஒடிக்க வேண்டும். பின் சீட்டில் இருந்து கேட்டுக் கேட்டு எனக்கு இதெல்லாம் வாய்ப்பாடு மாதிரி மனப்பாடம். அம்மாவும் கெட்டிக்காரி. பத்தே நாளில் எல்லாம் பிடித்துக்கொண்டாள்.

ஒன்றே ஒன்று தவிர. சந்தியில் பிள்ளையார் கண்ணில் பட்டதும் அம்மாவின் இரண்டு கையும் ஸ்டியரிங்கை விட்டுவிட்டு மேலே போய்க் கும்பிடும்.

கார் அதுபாட்டுக்குப் போகும். அப்பா பாய்ந்து ஸ்டியரிங்கைப் பிடிப்பார். ஒருமுறை பிள்ளையாரின் விளக்குக் கம்பத்தையே இடிக்கப் பார்த்தோம்.

"ஐயோ, என்ன பண்ற நீ!"

"கை தானா போவுதுங்க. பொறந்ததிலேருந்து கும்பிட்ட கை. நான் என்ன பண்ண?"

"பிள்ளையாருக்கு ஒன் மனசு போதும். கை வண்டிக்கு வேணும்."

அம்மாவுக்கு மனசு ஆறவில்லை. கடைசியில் ஓர் ஏற்பாடு செய்தாள். பின் சீட்டில் இருந்து அவளுக்கும் சேர்த்து நான் கும்பிட வேண்டும். "எங்கம்மா வண்டி ஓட்டுறாங்க சாமி, கோச்சுக்காதீங்க" என்று சொல்லவும் வேண்டும். நான் சொன்னேன். அம்மாவின் கைகள் ஸ்டியரிங்கிலேயே இருந்தன. ட்ரயல் அன்று கையை எடுக்கவே மாட்டேன் என்று அப்பாவின் தலையில் அடித்துச் சத்தியமும் செய்தாள்.

அந்த நாள் வந்தது. கட்டுகஸ்தோட்டையில் அந்த ஐயாவிடம் காரை ஒப்படைத்ததும் அப்பா, "நான் பஸ்ஸுல போய் சந்தியில நிக்கிறேன். நீ திரும்புறத நான் பாக்கணும்" என்று சொல்லிவிட்டுப் போனார். என்னையும் கூட்டிப்போயிருக்கலாம். அம்மா விடவில்லை. "பிள்ளைய விட்டுட்டு வர வீட்டுல ஆளில்லங்க" என்று அந்த ஐயாவிடம் ஒரு முழுப் பொய்யைச் சொன்னாள். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. பொய் சொன்னால் வாயில் மிளகாய் வைக்கிற அம்மா! சிங்களவரான அவர் வெள்ளைச் சட்டை போட்டு, மூக்குக் கண்ணாடியும் ஒரு பென்சிலுமாக, சிரிக்காத முகத்தோடு இருந்தார். என்னை ஒருமுறை பார்த்துவிட்டுப் பின் கதவைக் காட்டினார்.

சந்தி நெருங்கியது. "நோனா, வலது பக்கம்" என்று அம்மாவிடம் சொன்னார் ஐயா. அம்மா கண்ணாடியைப் பார்த்தாள். கையை நீட்டினாள். நடு ரோட்டுக்கு வந்து நின்றாள். எதிரே ஒரு லொறி, அதன் பின்னால் ஒரு பஸ். நான் இரண்டு கையையும் கூப்பி, கண்ணை மூடி, சொல்ல வேண்டியதைச் சொன்னேன். கண்ணைத் திறந்தால், முன் சீட்டில் அந்த ஐயா பென்சிலை மடியில் போட்டுவிட்டு, அரசமரத்தைப் பார்த்துக் கும்பிட்டுக்கொண்டிருக்கிறார்!

சிங்களவர்களும் பிள்ளையாரைக் கணதெவியோ என்று கும்பிடுவார்கள் என்பது எனக்கு அன்றுதான் தெரிந்தது. அம்மாவும் பார்த்துவிட்டாள். பக்கத்தில் ஒருவர் கும்பிட, தான் மட்டும் சும்மா இருக்க அம்மாவால் முடியுமா? நீட்டிய கையை உள்ளே எடுத்தாள். ஹேன்ட் பிரேக்கைக் கர்ரென்று இழுத்தாள். இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கி, நிதானமாக, கடன் வைத்ததற்கெல்லாம் சேர்த்து ஒரு பெரிய கும்பிடு போட்டாள். பின்னால் வந்த பஸ்காரன் ஹோர்னில் ஏறி உட்கார்ந்துவிட்டான். அம்மா கையைத் திரும்ப நீட்டி, பிரேக்கை விட்டு, மூலையை வெட்டாமல் அழகாகத் திரும்பினாள்.

எனக்கு அழுகை வந்துவிட்டது. கார் போச்சு, வியாபாரம் போச்சு, எல்லாம் போச்சு! அரசமரத்தின் அடியில் அப்பா நின்றார். ஜன்னலுக்கு வெளியே உடம்பைப் பாதி நீட்டிக் கை ஆட்டினேன். எங்கள் காரைத்தான் நேராகப் பார்த்தார். சிரிக்கவில்லை, கை தூக்கவில்லை. அம்மா சத்தியத்தை மீறிவிட்ட கோபம் என்று நினைத்துக்கொண்டேன். பத்தடி தூரத்தில், தோள் வலிக்கும்வரை ஆட்டினேன். மேலே போய்த் திருப்பிக்கொண்டு வரும்போதும் ஆட்டினேன். அப்பா அசையவில்லை.

கட்டுகஸ்தோட்டையில் அந்த ஐயா கடதாசியில் எழுதி முடித்து, முதல்முறையாகச் சிரித்தார். "நோனா நிப்பாட்டி, பிரேக் போட்டுக் கும்பிட்டது. ஹரி, அது சரி. ஓடிக்கொண்டு கும்பிட்டிருந்தா பெயில்."

அம்மா பாஸ்! நான் பின் சீட்டில் குதித்தேன்.

ஐயா இல்லாமல், அம்மாவே ஓட்டிக்கொண்டு சந்திக்கு வந்தாள். அப்பா அதே இடத்தில் நின்றார். கார் அவர் பக்கத்தில் போய் நின்று, "என்னங்க" என்று அம்மா கூப்பிட்ட பிறகுதான் முகம் மலர்ந்தது. முன்னால் ஏறி உட்கார்ந்தார். பாஸ் என்றதும் அம்மாவின் தோளைத் தட்டினார். பிறகு பேச ஆரம்பித்தார் பாருங்கள், என் அப்பா அவ்வளவு பேசி நான் கேட்டதில்லை.

"எல்லாம் பாத்தேன். நடுவுக்கு வந்து நின்ன பாரு, அதுதான் நிக்கிறது. ஒரு கை வெளிய, ஒரு கை ஸ்டியரிங்குல. பிள்ளையார் பக்கம் கை போகவே இல்ல. சொன்ன சொல்லக் காப்பாத்திட்ட." பிறகு என் பக்கம் திரும்பினார். "பாப்பாதான் பயந்து உறஞ்சு போயிட்டா. இந்த அப்பாவுக்கு ஒரு கைகூட ஆட்டல."

எனக்கு வந்த ஆத்திரம்! "ஆட்டினேனே! எவ்வளவு நேரம் ஆட்டினேன்! அம்மாவும் ரெண்டு கையாலயும்..."

அம்மாவின் இடது கை சீட்டின் இடுக்கு வழியாகப் பின்னால் வந்து என் தொடையைக் கிள்ளியது. உயிர் போகிற கிள்ளு.

"ஆமாங்க" என்றாள் அம்மா, ரோட்டைப் பார்த்தபடி. "பயந்துட்டா. கையே ஆட்டல. நானும் கும்பிடல."

பிள்ளையாருக்கு நேர் எதிரே, கார் நின்றுகொண்டிருக்கும்போதே சொன்னாள். கிள்ளிய கையை எடுக்கவும் இல்லை. அது என் தொடை மேலேயே கிடந்தது. அப்பா சந்தோஷமாகச் சிரித்தார். ஏன் எல்லாரும் பொய் சொல்கிறார்கள், ஏன் அதற்கு எனக்குக் கிள்ளு விழுகிறது, ஒன்றும் விளங்காமல் விம்மி விம்மி அழுதேன். வீட்டுக்கு வந்து காரை நிறுத்திய பிறகும் அம்மா நெடுநேரம் இறங்காமல் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பாஸாகிவிட்ட பெருமை என்று நினைத்தேன்.

அதற்குப் பிறகு பல வருஷம் அம்மா ஓட்ட, அப்பா பக்கத்தில் உட்கார்ந்து அக்குறணைக்கும் கலகெதரவுக்கும் போனார்கள். கார் விற்கப்படவே இல்லை. நூலின் நிறத்தை அம்மா சொல்ல, விலையை அப்பா சொல்வார். பொத்தானைத் தடவிப் பார்த்தே இன்ன அளவு என்பார். அவர் எதையும் ஒப்புக்கொள்ளவில்லை, அம்மாவும் கேட்கவில்லை.

ஆனால் அன்று எனக்குத் தெரிந்ததெல்லாம், பிள்ளையார் முன்னால் அம்மா பொய் சொல்லிவிட்டாள் என்பது மட்டும்தான். மறுநாள் பள்ளிக்கூடம் விட்டு வரும்போது அரசமரத்தடியில் தனியாக நின்று, அம்மாவை மன்னிக்கச் சொல்லி மூன்று முறை தோப்புக்கரணம் போட்டேன். சடையிலிருந்த ரிப்பன்களில் நல்லதாக ஒன்றை அவிழ்த்து அவர் காலடியிலும் வைத்தேன். சாமியிடம் வேறு ஏதாவது கேட்கலாமா என்று கொஞ்ச நேரம் நின்று யோசித்தேன். அப்பாவுக்காகக் கேட்க ஒன்றும் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.