ஒருமுறைதான் கேட்பார்கள்

பதினோரு ஆட்டம் ஆடி, கதிர்காமநாதனின் அணி பத்தில் தோற்றிருந்தது. மிச்சம் ஒன்றாவது வென்றதா என்றால் அதுவும் இல்லை. மழை வந்து பாதியில் நின்றுபோனது.

ஜெர்மனியில் பேஸ்பாலா என்று கேட்பீர்கள். கேளுங்கள், ஜெர்மன்காரரே அப்படித்தான் கேட்கிறார்கள். ஸ்டுட்கார்ட்டுக்கு வெளியே நெக்கார் ஆற்றோரம், ஒரு பக்கம் ரயில் பாதையும் மறுபக்கம் கார் கழுவுகிற இடமுமாக ஒரு புல்வெளி இருக்கிறது. தச்சர், தாதி, படிக்கிறவர், படித்துவிட்டு வேலை தேடுகிறவர் என்று இருபத்தைந்து பேர் அங்கே மட்டையைத் தூக்கிக்கொண்டு வருவார்கள். கழகத்துக்குப் பெயர் நெக்கார் கொக்குகள். அந்தக் கொக்குகளுக்குப் பதினோரு வருடமாகப் பயிற்சி கொடுக்கிற ட்றெயினர், புங்குடுதீவுக் கதிர்காமநாதன். வயது ஐம்பத்தெட்டு.

பத்தொன்பது வயதில் அகதியாக வந்து இறங்கியபோது அவருக்குத் தெரிந்த விளையாட்டு கிரிக்கெட் ஒன்றுதான். அமெரிக்கப் படைமுகாம் ஒன்றின் சமையலறையில் கோப்பை கழுவுகிற வேலை கிடைத்தது. ஒருநாள் குப்பை கொட்ட வெளியே போனவரின் தலையை நோக்கிப் பந்து ஒன்று பறந்து வந்தது. வெறுங்கையால் எட்டிப் பிடித்தார். கையுறை இல்லாமல் பந்தைத் தொடாத சிப்பாய்கள் வாயைப் பிளந்தார்கள். அன்றைக்குப் பிடித்த சனி, இன்றைக்கு வரை விடவில்லை.

கலியாணம் கட்டவில்லை. மூன்று தங்கைமாரைக் கரைசேர்த்துவிட்டு நிமிர்ந்து பார்த்தால் தலையில் மயிரும் இல்லை, பெண் தருகிறேன் என்று வர ஆளும் இல்லை. பொதிகள் பிரிக்கிற கூடத்தில் வேலை. காதை அடைத்துக்கொண்டு எட்டு மணிநேரம் ஒரு சொல் பேசாமல் நிற்கலாம், ஒருவரும் ஏன் என்று கேட்கமாட்டார்கள். செவ்வாயும் வியாழனும் பயிற்சி, ஞாயிறு ஆட்டம். அந்த மூன்று நாளும்தான் யாராவது அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவார்கள். அதுவும் "காதிர்" என்று இழுத்து. இழுக்கட்டுமே! மற்ற நாலு நாளும் அதுகூட இல்லாமல்தானே கிடக்கிறார் மனிதர்.

இப்படி இருக்கையில்தான் பிலிப் கழகத்துக்கு ஒரு கடிதம் எழுதினான். பிலிப், அணியில் பந்து எறிகிறவன். அவன் எறிகிற பந்து ரயில் பாதைக்குப் போகும், கார் கழுவுகிற இடத்துக்கும் போகும், போகவேண்டிய இடத்துக்கு மட்டும் போகாது. ஆடமாட்டாதவள் கூடம் கோணல் என்றாளாம். தோல்விக்குக் காரணம் பயிற்சி சரியில்லாததுதான், ஆகவே கதிர்காமநாதனையும் அவருக்குத் துணையாக இருக்கும் எமிலையும் மாற்றிவிட்டு மன்ஹைமிலிருந்து புது ட்றெயினரைக் கொண்டுவரவேண்டும் என்று எழுதிக் கொடுத்துவிட்டான். ஞாயிறு பின்னேரம் மூன்று மணிக்குப் பொதுக்கூட்டம், வாக்கெடுப்பு.

அன்று காலையில் பேர்லினிலிருந்து கடைசித் தங்கை சுந்தரேஸ்வரி போன் எடுத்தாள். அவளுக்குப் பேஸ்பாலும் தெரியாது, கூடைப்பந்தும் தெரியாது. ஆனால் எல்லாவற்றுக்கும் யோசனை வைத்திருப்பாள்.

"அண்ணை, நீங்கள் வாயைப் பொத்திக்கொண்டு இருந்தால் தலையிலை ஏறி மிதிப்பாங்கள்."

"அதுக்கு என்னை என்ன செய்யச் சொல்லுறாய்?"

"நீங்களா எழும்பி நான் விடுறன் எண்டு சொல்லுங்கோ. அப்பதான் உங்கடை அருமை தெரியும். எங்கடை கோயில்லை தம்பித்துரையண்ணை என்ன செய்யிறவர்?"

அவர்களுடைய முருகன் கோயிலுக்குத் தம்பித்துரை தலைவர். பன்னிரண்டு வருடமாக ஒவ்வொரு பொதுக்கூட்டத்திலும் எழுந்து, "நான் பாரமெண்டால் விலகுறன்" என்று சால்வையை உதறுவார். உடனே பத்துப் பேர் பாய்ந்துவந்து, "என்ன கதை அண்ணை இது, இருங்கோ, இருங்கோ" என்று கையைப் பிடித்து இருத்துவார்கள். இன்றைக்கும் அவர்தான் தலைவர்.

"இவங்கள் ஜெர்மன்காரர், பிள்ளை," என்றார் கதிர்காமநாதன்.

"மனுசர்தானே அண்ணை."

சுந்தரேஸ்வரிக்குத் தெரியாமல் இருக்கலாம். இவருக்குத் தெரியும், அதுதானே கொடுமை! வந்த வருடம் நத்தார்ப் பண்டிகைக்கு வீட்டுக்காரி சாப்பிட அழைத்திருந்தாள். வாத்து இறைச்சித் தட்டை நீட்டி வேண்டுமா என்று கேட்டாள். நம் ஆட்களுக்கு முதல்தரம் வேண்டாம் என்பது மரியாதை, இரண்டாம் தரமும் வேண்டாம், மூன்றாம் தரம் "சரி, கொஞ்சமாப் போடுங்கோ". இவரும் வேண்டாம் என்றார். தட்டு அடுத்தவரிடம் போய்விட்டது, திரும்பி வரவே இல்லை. வயிறு எரிய எரிய எல்லாரும் சாப்பிடுவதைப் பார்த்துக்கொண்டு இருந்தார். அன்றிலிருந்து, புதிதாக வருகிற ஒருவர் விடாமல் இவர் சொல்லுகிற முதல் புத்தி இதுதான்: "இஞ்சை ஒருக்காத்தான் கேப்பாங்கள். பசிச்சால் பசிக்குது எண்டு சொல்லிப்போடுங்கோ."

ஊருக்கு உபதேசம் செய்கிறவருக்குத் தன் காரியம் என்று வரும்போது எங்கே போகிறதோ அந்தப் புத்தி.

கழக வீட்டில் இருபத்தேழு பேர் நீள மேசைகளில் இருந்தார்கள். தலைவி ஹைக்கே, பல் வைத்தியர், கடிதத்தைக் குரலில் ஏற்ற இறக்கமே இல்லாமல் வாசித்தார். பிலிப் எழுந்து இரண்டு நிமிடம் பேசினான். பிறகு ஹைக்கே இவர் பக்கம் திரும்பினார்.

கதிர்காமநாதனின் சட்டைப் பையில் ஒரு தாள் இருந்தது. இரண்டு பேருக்குக் கால் முறிவு, மூன்று பேர் வேலை மாறி வேறு ஊருக்குப் போனது, அடுத்த வருடத்துக்கான திட்டம், எல்லாம் இரண்டு இரவாக எழுதியது. அதை எடுக்கத்தான் எழுந்தார். இருபத்தேழு முகமும் தன்னையே பார்ப்பதைக் கண்டதும் பைக்குப் போன கையைத் திரும்ப எடுத்துவிட்டார். என்னை வைத்திருங்கள் என்று எப்படி ஒரு மனிதன் தன் வாயால் கேட்பான்? அவர்களாகச் சொன்னால் எவ்வளவு நன்றாக இருக்கும்! ஒரே ஒருவர் சொன்னால் போதும்.

"கழகத்துக்கு நான் பாரமெண்டால், நான் விலகுறன்," என்றார் ஜெர்மனில். தாள் பையிலேயே கிடந்தது.

நின்றார். இருங்கள் என்று ஒரு குரல் வரும் என்று நின்றார். மூலையில் இருந்த கிழவர் ஒருவர் மெல்ல மேசையைத் தட்டினார். பக்கத்தில் இருந்தவர் தட்டினார். பிறகு பிலிப் உட்பட எல்லாரும் விரல் முட்டியால் மேசையைத் தட்டினார்கள். ஜெர்மன்காரர் அப்படித்தான் பாராட்டுவார்கள், அது அவருக்குத் தெரியும். இரண்டு பேர் கண்ணைத் துடைத்தார்கள். ஹைக்கே வந்து கையைக் குலுக்கி, "பெரிய மனசு உனக்கு," என்றார். கூட்டக்குறிப்பு எழுதுகிற பெண் நேரத்தைப் பார்த்து எழுதினாள்: ட்றெயினர் விலகினார், மூன்று இருபத்தேழு. வாக்கெடுப்புக்கு வேலையில்லை என்று பிலிப் தன் கடிதத்தைத் திரும்ப வாங்கிக்கொண்டான்.

வெளியே கார்கள் நிற்கிற இடத்தில் எமில் காத்துக்கொண்டிருந்தான். குளியலறைக்கு ஓடு பதிக்கிறவன், நாற்பது வயது, வீண் பேச்சுப் பேசாதவன்.

"உனக்கென்ன விசரே?" என்றான். "நான் ஒவ்வொருத்தராக் கேட்டு வைச்சிருந்தனான். பத்தொன்பது பேர் உனக்குத்தான் கை தூக்க இருந்தவை."

கதிர்காமநாதன் கையை நீட்டி வேலிக் கம்பியைப் பிடித்துக்கொண்டார்.

"பிறகேன் ஒருத்தரும் இரு எண்டு சொல்லேல்லை?"

"நீதானே போறன் எண்டாய். போறன் எண்ட ஆளை மறிக்கிறது மரியாதையோ?"

மரியாதைக்காக இவர் சொன்னார், மரியாதைக்காக அவர்கள் விட்டுவிட்டார்கள். நடுவில் பதினோரு வருடம் போய்விட்டது. அடுத்த செவ்வாய் பின்னேரம் என்ன செய்வது என்று யோசித்தார். ஒன்றும் தோன்றவில்லை. அடுத்த வியாழனுக்கும் தோன்றவில்லை.

எமில் கார்க் கதவைத் திறந்தான். "கடிதத்தைத் திரும்ப வாங்கினபடியால் நான் தப்பிவிட்டன். இனி மன்ஹைம்காரனும் நானும்தான். பலகையிலை ஓட்டம் எழுத ஆளில்லை. ஞாயிறு வாறியா?"

"வேண்டாம், வேண்டாம். நீங்கள் பாருங்கோ," என்றது கதிர்காமநாதனின் வாய்.

எமில் தலையாட்டினான். கதவைச் சாத்தினான். காரைக் கிளப்பினான்.

கார் வாசலில் திரும்புகையில் கதிர்காமநாதன் ஓடினார். பந்துக்குப் பின்னால்கூட அப்படி அவர் ஓடி வருடக்கணக்காகிறது. ஒரு செருப்பு கழன்றது. கண்ணாடியில் தட்டினார்.

"இப்ப கேட்டியே, அதை இன்னொருக்கா கேள்."

"நீ வேண்டாம் எண்டாய்."

"எண்டனான்தான். நீ கேள்."

எமில் அவரை ஏற இறங்கப் பார்த்தான். "ஞாயிறு வாறியா, காதிர்?"

மூன்றாம் தரம் வரைக்கும் பொறுக்க அவருக்குத் துணிவு இல்லை.

"வாறன்," என்றார். "எனக்குப் போறதுக்கு வேறை இடமில்லை, எமில்."