திரும்பி வந்தால்தான் டிப்ளாய்

சுபேதார் இறந்த செய்தி திருச்செங்கோட்டில் நம் ஆபீஸில் வேலை பார்க்கும் எனக்குச் சத்தீஸ்கரிலிருந்து வந்தது. அங்கே நம் ஆபீஸின் போர்வெல் வண்டியில் இருக்கும் என் தம்பி செந்தில் போன் போட்டான். “அக்கா, சுபேதாரய்யா போயிட்டாராமா” என்றான்.

ராமலிங்கம் என்ற அவர் பெயரை நம்மில் எத்தனை பேர் சொல்லியிருப்போம்? ராணுவத்திலிருந்து ஓய்வு பெற்று வந்தவர், நம் ஆபீஸில் எந்த வண்டியை எந்த ஊருக்கு அனுப்புவது, யார் யார் போவது என்று பார்த்துக்கொண்டார். ‘அனுப்பு’ என்று சொல்லவே மாட்டார். எல்லாம் ‘டிப்ளாய்’தான். “டீ வாங்கப் போறதும் டிப்ளாய்தானுங்களா?” என்று கேலி செய்வேன். “அதுக்கு அனுப்புனாப் போதுமுங்க. டிப்ளாய்னா ஆளு திரும்பி வந்து சேர்ற வரைக்கும் நம்ம பொறுப்பு” என்பார், சிரிக்காமல்.

விடுவேனா? அகராதியைப் பார்த்துவிட்டு வந்து, படையைப் பிரித்து நிறுத்துவது என்றுதான் போட்டிருக்கிறது, திரும்பி வருவதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை என்றேன். “அதை எழுதுனவரு ஊட்டுலயே இருந்திருப்பாருங்க” என்றார். இந்த மனிதரிடம் யார் வாதாடுவது?

வெளிமாநிலம் போன ஆட்கள் ஊர் திரும்பும் நாளில், ஒவ்வொருவர் வீட்டுக்கும் அவர் போன் போடுவது உங்களுக்குத் தெரியும். வந்தவனிடம் பேச மாட்டார். அவன் அம்மாவிடமோ மனைவியிடமோதான் கேட்பார்: “வந்து சாப்ட்டானுங்களா?” வேலையற்ற வேலை என்று முதலாளியே சலித்துக்கொள்வார்.

செந்தில் முதல்முறை போய்த் திரும்பியபோது, எல்லோரும் சேலம் ஜங்ஷனில் இறங்கிவிட்டதாகத் தகவல் வந்தது. ஆபீஸைப் பொறுத்தவரை அத்தோடு வேலை முடிந்தது. எங்கள் வீட்டுக்குப் போன் வந்தபோது, “கூட்டாளிங்களோட சுத்திட்டு வருவானுங்க” என்றார் அம்மா. “இன்னும் சாப்புடலீங்களா?” என்று கேட்டுப் போனை வைத்த சுபேதார், நேராக ஜங்ஷன் இருக்கும் சூரமங்கலத்துக்குக் கிளம்பிவிட்டார். பிளாட்பாரத்தின் கோடியில், ஒரு பெஞ்சில், காய்ச்சலில் நினைவு தப்பிக் கிடந்தானாம் என் தம்பி. தூங்குகிறான் என்று எல்லோரும் தாண்டிப் போயிருக்கிறார்கள். மலேரியா மூளைக்கு ஏறும் நிலைமை, விடியும்வரை விட்டிருந்தால் பிழைத்திருக்க மாட்டான் என்றார் மருத்துவர். ஆஸ்பத்திரி வாசலில் சுபேதாரின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதேன். “அழுவாதீங்க. இன்னும் டிப்ளாய் முடியலீங்க, அவன் ஊட்டுக்குப் போவோணும்” என்றார்.

இப்போது அந்தப் போன்களை நான் போடுகிறேன். அவரிடமிருந்து எனக்கென்று எடுத்துக்கொண்டது அது ஒன்றுதான்.

அடக்கம் முடிந்தது. இழவு வீட்டில் சொல்லிக்கொண்டு கிளம்பும் வழக்கமில்லை. நானும் பேசாமல் செருப்பை மாட்டினேன். பின்னாலேயே வந்த அவர் மனைவி என் தோளைத் தொட்டார்.

“போய்ச் சேர்ந்து ஒரு வாய் சாப்ட்டுட்டுப் போன் போடு சாமி. இனி அவரு கேக்க மாட்டாரு.”

வீட்டுக்கு வந்து குளித்தேன். தொண்டையில் இறங்காத சோற்றைத் தண்ணீர் குடித்துக் குடித்து இறக்கினேன். பிறகு போன் போட்டேன்.

“சாப்ட்டேனுங்கம்மா.”