காலியாகப் போகாத கப்பல்

புதுக்கடை சந்தைக்குப் பின்னால், வீட்டு மாடியறையில் உட்கார்ந்துதான் சுஜி ஐந்து கப்பல்களை ஓட்டினாள். சிங்கப்பூர்க் கம்பெனி ஒன்றுக்கு வீட்டிலிருந்தே வேலை. நிலக்கரி, கோதுமை, உப்பு என்று மூட்டை கட்டாமல் அப்படியே கொட்டி ஏற்றும் கப்பல்கள். எது எங்கே சரக்கு ஏற்ற வேண்டும், எங்கே எண்ணெய் நிரப்ப வேண்டும் என்பதெல்லாம் அவள் பொறுப்பு. எட்டு வருடத்தில் ஒரு கப்பலிலும் அவள் கால் வைத்ததில்லை.

சென்ற ஜனவரியில் ஒரு கப்பல் தூத்துக்குடியில் இந்தோனேசிய நிலக்கரியை இறக்கிக்கொண்டிருந்தது. இறக்கியதும் வழக்கம்போல் காலியாகத் திரும்ப வேண்டும். அந்தப் பயணத்துக்கு வாடகை கிடையாது, எண்ணெய் மட்டும் எரியும். சுஜிக்கு அது உறுத்திக்கொண்டே இருந்தது. குஜராத்தின் காண்ட்லா துறைமுகத்தில் இந்தோனேசியாவுக்குப் போக உப்பு கிடக்கிறது என்று ஒரு தரகர் சொன்னதும் பிடித்துக்கொண்டாள்.

மேலாளர் தயங்கினார். கரி கிடந்த அறையில் உப்பைக் கொட்ட முடியாது, கழுவி, உப்பு இரும்பில் படாதபடி சுண்ணாம்பும் அடிக்க வேண்டும்; காண்ட்லா போய்ச் சேர நாலே நாள்தான்.

சுஜி கேப்டன் மரியானைக் கூப்பிட்டாள். குளச்சல்காரர், அவள் அப்பா வயது.

"கேப்டன், போற வழியிலயே அஞ்சு சரக்கறையும் கழுவி சுண்ணாம்பு அடிச்சிரலாமா?"

"மழை இல்லேன்னா செய்யலாம் மக்களே. பயலுவளுக்குத் தனிக்கூலி உண்டா?"

"அத நான் வாங்கித் தாறேன்."

மேலாளரிடம் பேசி வாங்கியும் விட்டாள். கப்பல் கன்னியாகுமரி முனையைச் சுற்றியபோது மாலுமிகள் சரக்கறைக்குள் குழாயும் துடைப்பமுமாக நின்றார்கள். காண்ட்லாவில் சோதனைக்கு வந்தவர் டார்ச் அடித்து மூலை மூலையாகப் பார்த்துவிட்டு, முதல் தடவையிலேயே கையெழுத்துப் போட்டார். செய்தி வந்ததும் சுஜி போட்ட சத்தத்தில் அப்பா ஞானசிங் மாடிக்கு ஓடிவந்தார்.

"என்னட்டி, விழுந்திட்டியா?"

"இல்லப்பா. உப்பு ஏறுது."

ஏப்ரலில் அதே கப்பல் மறுபடி நிலக்கரியோடு தூத்துக்குடிக்கு வந்தது. "ஒருதரம் வந்து பாத்திட்டுப் போ" என்று கேப்டன் விடவில்லை. சுஜியும் அப்பாவும் ஆரஞ்சு நிற அங்கியும் ஹெல்மெட்டுமாக, கரி இறக்கி முடித்த சரக்கறைக்குள் ஏணியில் இறங்கினார்கள். அவர்கள் சபையின் ஆலயம் அதற்குள் அடங்கிவிடும் போலிருந்தது. ஏணிக் கம்பியைப் பிடித்த கையெல்லாம் கறுப்பு.

பாடகர் குழுவில் முப்பது வருடமாகக் கீழ்க்குரல் பாடும் ஞானசிங்குக்கு அந்த இடத்தில் சும்மா நிற்க முடியவில்லை. தொண்டையைச் செருமிக்கொண்டு ஒரு கீர்த்தனையின் முதல் வரியை எடுத்தார். இரும்புச் சுவர்கள் அதை வாங்கிப் பெரிதாக்கித் திருப்பிக் கொடுத்தன. மேலே மாலுமிகள் ஒவ்வொருவராக எட்டிப் பார்த்தார்கள்.

இரண்டாவது வரியில் சுஜியும் சேர்ந்துகொண்டாள்.