பர்தா கட்டிய இரண்டு சீட்டு வண்டி

நம்புகிறவர்கள் நம்பலாம். மற்றவர்கள் சிரித்துவிட்டுப் போகலாம். ஆனால் "பிரமை" என்று மட்டும் சொல்லாதீர்கள், எனக்குக் கோபம் வரும். இது பட்டப்பகலில், சந்து நிறைய ஆள் நிற்கும்போது நடந்தது.

1942, ஏப்ரல். ஜப்பான்காரன் குண்டு போடப் போகிறான் என்று பட்டணமே மூட்டை கட்டிக்கொண்டிருந்தது. மீர்சாகிப்பேட்டையில் கார்களுக்கு மெத்தை தைக்கும் ஷரஃபுதீனுக்கு ஒரே கவலைதான். நிறைமாதமாக இருந்த மனைவி அன்வரி பேகத்தை ஆற்காட்டில் அவள் தாய்வீட்டில் பத்திரமாகச் சேர்க்க வேண்டும். ரயிலில் கால் வைக்க இடமில்லை. முதல் பிரசவம் வேறு.

அப்போதுதான் கார் புரோக்கர் ரகுபதி அந்த வண்டியைக் கொண்டுவந்தான். சிவப்பு நிறம். நீண்ட மூக்கு. பளபளக்கும் கம்பிச் சக்கரம். கூரை கிடையாது, இரண்டே சீட்டு. பந்தயத்தில் ஓடுகிற ரகம். ஊரைவிட்டுப் போகிற எவனோ விற்கிறானாம், விலை கொள்ளை மலிவு. ஷரஃபுதீனுக்கோ மலிவு என்றாலே சந்தேகம்.

"இன்னா கோளாறு கீது இதுல? உண்மையச் சொல்லு."

"ஒண்ணும் இல்ல பாய். ஓட்டிப் பாரு, அப்பால பேசு."

சாந்தோம் கடற்கரைப் பக்கம் ஓட்டிப் பார்த்தான். வெறும் மேனாமினுக்கிதான், நாலு பர்லாங்கில் மூச்சு வாங்கும் என்று எதிர்பார்த்தவன் அசந்துபோனான். தொட்டால் பறந்தது. அழகுக்கு ஏற்ற ஓட்டம். அப்புறம் ஏன் இந்த விலை? குறை இல்லாததே அவனுக்கு உறுத்தியது. இருந்தாலும் வாங்கினான். வேறு வழி?

வீட்டுக்கு வந்து தொழில்காரன் கண்ணோடு பார்த்தபோதுதான் தட்டுப்பட்டது. இடது சீட்டு நடுவில் குழிந்திருந்தது, யாரோ இப்போதுதான் எழுந்துபோன மாதிரி. உறையைப் பிரித்து, தேங்காய் நாரைக் குத்தித் திணித்து, கல்லாட்டம் தைத்து வைத்தான். காலையில் பார்த்தால் மறுபடி குழி.

"ஸ்பிரிங்கு வீக்கு பாய்," என்றான் ரகுபதி. ஸ்பிரிங்கையும் புதிதாக மாற்றியிருந்ததை ஷரஃபுதீன் அவனிடம் சொல்லவில்லை.

அந்த வீட்டுப் பெண்கள் குதிரை ஜட்காவில் போனாலே திரை கட்டியாக வேண்டும். கூரையில்லாத காருக்குக் கேட்க வேண்டுமா? இடது சீட்டைச் சுற்றி மூங்கில் கம்பு நட்டு, கெட்டித் துணியால் அவனே பர்தா கட்டினான். ஓட்டுகிறவனுக்கும் அவளுக்கும் நடுவிலும் துணி. அங்கேதான் தப்பு செய்தான்.

மாலை நாலு மணி. வெயில் இன்னும் இறங்கவில்லை. வண்டி வாசலில் உறுமிக்கொண்டு நின்றது. பெண்கள் ஏறும்போது ஆண்கள் பார்க்கக் கூடாது என்பதால் சந்தே முகத்தைத் திருப்பிக்கொண்டது. ஷரஃபுதீனும் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி எதிரே பார்த்தான்.

கிரீச்... ஸ்பிரிங் அமுங்கியது. வண்டி இடப்பக்கம் சாய்ந்தது. டக். கதவு சாத்திக்கொண்டது.

"உக்காந்துட்டியா?"

"ம்."

கிளம்பினான். லஸ் தாண்டியது.

"வலி கிலி இருக்கா?"

"ம்."

அவனுக்குப் பகீரென்றது. வண்டியை விரட்டினான். பனகல் பார்க் வந்தது.

"ரொம்பவா?"

"ம்."

அதே குரல். அதே நீளம்.

மர்மலாங் பாலத்தை நெருங்கும்போது இடது முழங்கையில் ஈரம் பட்டது. திரை உள்ளிருந்து நனைந்திருந்தது. வெதுவெதுப்பாக... பனிக்குடம் உடைந்துவிட்டதா?

பிரேக்கை மிதித்தான்.

"அன்வரி!"

ஸ்டியரிங்கை விட்டுத் திரும்பினான்.

திரையை விலக்கினான்.

யாரும் இல்லை.

சீட்டு குழிந்திருந்தது.

அவன் பார்க்கப் பார்க்க... மெல்ல... அது மேலே எழுந்தது.

வண்டியை அங்கேயே போட்டுவிட்டு, ஜட்கா பிடித்து வந்து சேர ராத்திரி ஆகிவிட்டது. வீட்டுக்குள் குழந்தை அழுகிற சத்தம். பெண் குழந்தை. தாயும் சுகம். அவனுக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

அன்வரி களைத்துப்போய்ப் படுத்திருந்தாள்.

"கதவுல நான் கைய வெக்கறதுக்குள்ள உள்ளேருந்து யாரோ இழுத்துச் சாத்திட்டாங்க. பொம்பளை கை. நனைஞ்சிருந்துச்சு. வளைகாப்பு போட்ட மாதிரி, கை நெறைய கண்ணாடி வளையல்... நீங்க யாரை ஏத்திக்கினு போனீங்க?"

மறுநாள் ரகுபதியின் சட்டையைப் பிடித்து உலுக்கினான். அவன் முதலில் மழுப்பினான். அப்புறம் அழுதுவிட்டான்.

"வித்தவன் ஜப்பான்காரனுக்குப் பயந்து ஓடல பாய். போன மாசம் அவன் சம்சாரத்துக்கு நோவு கண்டுச்சு. ஆஸ்பத்திரிக்கு இட்டுக்கினு போனான். வழியில பெட்ரோல் தீந்துபூட்ச்சு. டின்னை எடுத்துக்கினு ஓடினான். வந்து பாத்தா அந்தம்மா சீட்டுலயே செத்துக் கெடந்துச்சு. பிரசவம் ஆயிருந்துச்சு."

"கொழந்தை?"

ரகுபதி நிமிரவே இல்லை.

"கெடைக்கல பாய். இன்னி வரைக்கும் கெடைக்கல."

ஷரஃபுதீன் கடையைக்கூடப் பூட்டாமல் வீட்டுக்கு ஓடினான். அந்த மகளுக்கு ஏழு வயதாகும்வரை, ராத்திரியில் யாராவது ஒருவர் விழித்திருந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டிருந்தார்கள்.