கோமதி அக்கா அப்பளம் தரவில்லை

திங்கட்கிழமை காலை டிபன் வரிசையில் நின்றிருந்தோம். சமையல் மாஸ்டர் கரண்டியைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னார். "நம்ம கோமதி போயிட்டாம்மா. நேத்து சாயங்காலம் நெஞ்சு வலிக்குதுன்னு குந்திக்கினு இருந்தாளாம். அப்படியே சாஞ்சிட்டா." கங்காதர நெல்லூர் பக்கத்துக் கிராமத்திலிருந்து சித்தூர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவரக்கூட நேரம் கிடைக்கவில்லையாம். எனக்குப் பின்னால் ஒரு குரல் கேட்டது. "யாரு, அப்பளம் அக்காவா?"

அந்தப் பெயர் தவறு. அது வந்ததற்குக் காரணம் நான். நம் விடுதிச் சமையலறையில் காய் நறுக்கிய கோமதி அக்காவை அறிந்த உங்கள் எல்லோருக்காகவும் இதை எழுதுகிறேன்.

போன வருடம் ஒன்பதாம் வகுப்பில் எனக்குக் கடுமையான வயிற்றுவலி வந்தது நினைவிருக்கும். நகரியில் தறி ஓட்டும் என் நைனாவால் உடனே வர முடியவில்லை. கோமதி அக்காதான் என்னைத் திருப்பதி ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போனார். அப்பெண்டிக்ஸ் என்று பயந்துபோனோம். டாக்டர் படம் எடுத்துப் பார்த்து, நாள்பட்ட மலச்சிக்கல் என்றார். "தண்ணி எவ்வளவு குடிக்கிற?" என்று கேட்டார். பதில் நமக்குத் தெரியும். கழிப்பறை வரிசைக்குப் பயந்து நாலு மணிக்கு மேல் நாம் யாருமே தண்ணீர் குடிப்பதில்லை. காலையில் இடம் பிடிக்கத் தண்ணீர் மொள்ளும் மக்குகளை வரிசையாக வைக்கிறோம். உள்ளே போனவள் இரண்டு நிமிடம் தாண்டினால் கதவைத் தட்டுகிறோம். நான் ஐந்து நாள், ஆறு நாள் அடக்கிக்கொண்டிருந்தேன்.

திரும்பி வரும் பஸ்ஸில் அக்கா ஜன்னல் பக்கம் பார்த்தபடியே சொன்னார். "எனக்கும் அதே கதைதான் பாப்பா. பதினஞ்சு வருசமா. எங்க வீட்டுக்காரருக்கே தெரியாது."

அன்றிலிருந்து எங்கள் இருவருக்கும் ஒரே பேச்சுதான். காலை ஐந்து மணிக்குச் சமையலறைப் பின்கட்டில் வெந்நீர் குடித்துக்கொண்டே கேட்பார். "நேத்து?"

"இல்லக்கா."

"எனக்கும் இல்ல. ஒரே வயித்த ரெண்டு பேரும் பங்கு போட்டுக்கினோமா இன்னா?"

நார்ச்சத்து முக்கியம் என்று நூலகப் புத்தகத்தில் படித்துவிட்டு வந்து சொன்னேன். அக்கா மாவு மில்லிலிருந்து கோதுமைத் தவிடு வாங்கிவந்தார். மூன்று நாள் இருவரும் கஞ்சியில் கைநிறையப் போட்டுக் குடித்தோம். வயிறு இரண்டும் உப்பிக் கல்லாகிவிட்டன. நான் அழுதேன். அக்கா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "மாட்டுக்குப் போடறத துன்னுட்டோம் பாப்பா. மாடு ஒரு தொட்டித் தண்ணி குடிக்குது. நாம குடிச்சோமா?" அவசரப்பட்டு எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்றக் கூடாது என்று அடுத்த முறை டாக்டரும் சொன்னார்.

பிறகு கொஞ்சம் கொஞ்சமாக ஆரம்பித்தோம். நாம் தட்டில் ஒதுக்கும் கீரை, ஒரு கொய்யா, கேழ்வரகுக் கூழ், மோர், வேளாவேளைக்குத் தண்ணீர். குடலுக்குள் நன்மை செய்யும் நுண்ணுயிர்கள் வாழ்கின்றன, நாம் தின்பதுதான் அவற்றுக்கும் உணவு என்றேன். "அதுங்களுக்கும் நானே ஆக்கிப் போடணுமா? இங்க எம்பது பேருக்குப் போடறது பத்தலியா?" என்றார். நான் கழிப்பறைக்குள் இருக்கும்போது கதவுக்கு வெளியே அண்டாவைத் தேய்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். யாராவது தட்ட வந்தால், "அந்தப் பக்கம் போம்மா, இங்க வழுக்குது" என்று அனுப்பிவிடுவார்.

நான் அடிக்கடி சமையலறையிலிருந்து வெளியே வருவதைப் பார்த்துக் கேலி செய்தீர்கள். "ரேசன் கார்டுல உன் பேரையும் சேத்துக்கிச்சா அக்கா? இன்னா துன்னுட்டு வர்ற?" உண்மையைச் சொல்ல வெட்கமாக இருந்தது. "அப்பளம்" என்றேன். அது வார்டன் மேடம்வரை போனது. எல்லோர் முன்னிலையிலும் மேடம் தெலுங்கில் கேட்டார், பிள்ளைகளுக்கு வைத்த பொருளை ஒருத்திக்கு மட்டும் கொடுத்தாயா என்று. அக்கா ஒரு தடவை என்னைப் பார்த்தார். நான் தலையைக் குனிந்துகொண்டேன். "ஆமா மேடம், தப்புதான்" என்றார். மறுநாள் ஐந்து மணிக்கு நான் மன்னிப்புக் கேட்க வாயைத் திறந்தபோது, டம்ளரை என் கையில் வைத்தார். "அப்பளம்தானே பாப்பா. உன் விசயம் வெளிய போனா நீ பொட்டிய கட்டிக்கினு ஊருக்குப் பூடுவ. மொதல்ல குடி."

உண்மைதான். இன்னொரு தடவை வயிற்றுவலி என்று போன் வந்தால் படிப்பை நிறுத்திவிடுவேன் என்று நைனா சொல்லியிருந்தார்.

நேற்று மேடத்திடம் எல்லாவற்றையும் சொன்னேன். "அவ இருக்கறப்ப ஏம்மா சொல்லல?" என்று கேட்டார். அன்று மலச்சிக்கல் என்ற அந்த ஒரு சொல்லை நான் சொல்லியிருந்தால் கோமதி அக்கா கெட்ட பெயரோடு போயிருக்க மாட்டார். அவர் யாருக்கும் எதையும் திருட்டுத்தனமாகக் கொடுக்கவில்லை. நான் தின்ற கொய்யாகூட அவர் வீட்டு மரத்துடையது.

அவரிடமிருந்து என்னிடம் தங்கியவை சில பழக்கங்கள்தான். விடிந்ததும் வெந்நீர், ஒதுக்காமல் தின்னும் கீரை, வரும்போது அடக்காமல் எழுந்துபோவது. இந்த வாரம் முழுவதும் எனக்கு வலி இல்லை. அதைச் சொல்லிக்கொள்ள எனக்கு இருந்தது ஒரே ஓர் ஆள். ஐந்து மணிக்குப் பின்கட்டில் தனியாக நின்று பார்த்துவிட்டு, உங்கள் எல்லோரிடமும் சொல்கிறேன். நான் நன்றாகிவிட்டேன்.