வருசநாட்டு மலையில் இரண்டு காடுகள்

அவளைப் பார்த்தாலே எனக்கு வயிறு எரியும். கம்பத்து ஏலக்காய் வியாபாரி ஒருவரின் மகள். ஆராய்ச்சியில் எனக்கு இரண்டு வருடம் இளையவள். 2003இல் கடைக்கென்று வாங்கிய கம்ப்யூட்டரை, அவள் அத்தா என்று கூப்பிடும் அவளுடைய அப்பா அவளுக்கே விட்டுக்கொடுத்தார். நானோ தேனி பிரவுசிங் சென்டரில் கடிகாரத்தைப் பார்த்துப் பார்த்துத் தட்டிக்கொண்டிருந்தேன்.

ஓடையிலிருந்து உச்சிவரை காடு எப்படி மாறுகிறது என்பது எங்கள் கேள்வி. வருசநாட்டு மலைச்சரிவில் கயிறு கட்டிச் சதுரங்கள் பிரித்து, கீழிருந்து மேலாக வரிசையாய் எண் போட்டு, உள்ளே நிற்கும் மரம் செடிகளை வகைவாரியாக எண்ண வேண்டும். ஒற்றைப்படைச் சதுரங்கள் அவளுக்கு, இரட்டைப்படை எனக்கு. அவளை முந்திவிடும் வெறியில், முழங்காலுக்குக் கீழே இருந்த மரக்கன்றுகளை நான் எண்ணவே இல்லை. ஒரு வாரம் முன்னதாகவே மலையிறங்கி, டீக்கடையில் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்தேன்.

அதற்குப் பிறகான கணக்கு அவள் பொறுப்பு. ஒரு சதுரத்தின் அத்தனை செடிகளும் சேர்ந்து தாளில் ஒரே புள்ளியாகிவிடும். செடிகள் ஒத்துப்போகும் சதுரங்கள் பக்கத்தில் பக்கத்தில் விழும், ஒத்துப்போகாதவை தள்ளி விழும். புத்தகத்தை மூன்று முறை படித்தும் எனக்கு அது பிடிபடவில்லை. அவளுக்கு ஒரே மாதத்தில் கைவந்துவிட்டது.

அந்தப் புள்ளிப் படத்தைப் போடுவதற்கு முன் போன் செய்தாள். “அண்ணே, சின்னக் கன்னெல்லாம் எண்ணுனீகளா?”

“எண்ணாம பின்ன?” என்றேன். இவள் யார் என்னைக் கேட்க என்று கோபம்.

எங்கள் ஆராய்ச்சியை அவள் எடுத்துச் சொல்லவிருந்த கருத்தரங்குக்கு முந்தைய நாள் எங்கள் பேராசிரியரிடம் படத்தைக் காட்டினாள். புள்ளிகள் இரண்டு கூட்டமாகப் பிரிந்து கிடந்தன. “ஒரே மலையில ரெண்டு காடு. பிரமாதம்மா,” என்றார். அந்தப் பிரமாதத்துக்காக நான் ஐந்து வருடமாகக் காத்துக்கிடந்தேன். எட்டிப்பார்த்து, புள்ளிகளின் எண்களைப் படித்தேன். இடப்பக்கம் எல்லாம் ஒற்றைப்படை, வலப்பக்கம் எல்லாம் இரட்டைப்படை. காடு பிரியவில்லை. என் அவசரம்தான் அங்கே தனியாகப் பிரிந்து நின்றது. சொன்னால் அவள் பெயர் கெடும், கூடவே என் ஐந்து வருடமும் போகும். அவள் என் முகத்தையே பார்த்தாள். நான் ஜன்னலைப் பார்த்தேன்.

மறுநாள் மேடையில் அவளே சொன்னாள். “இது ரெண்டு காடு இல்ல சார். நான் எண்ணுனது இங்கன, அண்ணன் எண்ணுனது அங்கன விழுந்திருக்கு. எம்புட்டுச் சின்னக் கன்னு வரைக்கும் எண்ணணும்னு மொதல்லயே எழுதி வைக்காதது என் தப்பு.”

பேராசிரியர் எல்லார் முன்னாலும் அவளைத் திட்டினார். போனில் கேட்டதையும் நான் சொன்ன பதிலையும் பற்றி அவள் மூச்சு விடவில்லை.

அடுத்த வாரம் என் சதுரங்களைத் திரும்ப எண்ணக் கிளம்பினேன். வருசநாட்டு பஸ்ஸில் எனக்கு முன்னால் ஏறி உட்கார்ந்திருந்தாள். நான் குனிந்து ஒவ்வொரு கன்றாக எண்ணிச் சொல்ல, அவள் எழுதிக்கொண்டாள். கம்ப்யூட்டரை நானும் எப்படியாவது வாங்கிவிடலாம், அந்த மனசுக்கு எங்கே போவேன் என்று அப்போதும் பொறாமைதான் வந்தது.