பன்னிரண்டாவது ஃப்ரெட்டில் ஓர் அஞ்சு ரூபாய்

போன வாரம் வண்ணார்பேட்டையில் பல் டாக்டரிடம் வாயைப் பிளந்து கிடந்தேன். மிஷின் பல்லில் பட்டதும் ஒரு வாடை வந்தது பாருங்கள், எலும்பு தேயும் வாடை. நாற்காலியின் கைப்பிடியை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். "வலிக்குதா?" என்று டாக்டர் கேட்டார். வலி இல்லை. அந்த வாடைக்கும் எனக்கும் பழைய பகை.

அந்தப் பகை அத்தானின் கிட்டாரில் தொடங்கியது. அக்கா புருஷன் சவுதியில், தம்மாமில் வேலை பார்த்தார். விடுமுறைக்கு வரும் ஒரு மாதம் மட்டும் அதை எடுத்து, தெரிந்த மூன்றே பாட்டை வாசிப்பார். போகும்போது பெட்டியைப் பூட்டி, சாவியை அக்காவிடம் கொடுத்து, "யாருக்கும் குடுக்கக் கூடாது" என்று சொல்லிவிட்டுப் போவார். எனக்கு இருபத்து மூன்று வயது. சொந்த வாத்தியம் இல்லாதவனை எந்த இன்னிசைக் குழுவும் சேர்க்காது. அக்காவிடம் கெஞ்சினேன், நடக்கவில்லை. சண்டை போட்டேன். அதற்குத்தான் மசிந்தாள்.

"ஏதாவது ஆச்சுன்னா உன்னைய கேக்க மாட்டாக. என்னையத்தான் கேப்பாக, பாத்துக்கோ," என்றாள். அத்தான் போனில் கேட்கும்போதெல்லாம் கிட்டார் பீரோ மேலேயே இருப்பதாகச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

அந்த வருஷம் குலசை கோயில் தசராவுக்குப் பத்து நாளும் எங்கள் குழுவுக்கு வேலை. கடல் காற்றில் கிட்டாரின் மரம் ஊதி, கழுத்தில் வீணை மெட்டுகள் மாதிரி இருக்கும் ஃப்ரெட்டுகளை விட்டுக் கம்பிகள் மேலேறிவிட்டன. அழுத்தி அழுத்தி விரல் நுனி கிழிந்து ரத்தம் வந்தது. நேர்ச்சைக்குக் குரங்கு வேஷம் கட்டியிருந்த ஒருவர், வாலைத் தோளில் போட்டுக்கொண்டு டீ குடித்தபடி, "நாந்தான் கடிச்சேன்னு சொல்லிராதேயும் வே," என்றார்.

குழுவை நடத்திய அண்ணாச்சி வழி சொன்னார். "பன்னெண்டாவது ஃப்ரெட்டுல ஒரு அஞ்சு ரூவாய வையி. தடிக்கம்பி அதத் தொட்டும் தொடாமலும் நிக்கணும். அவ்ளோதாம்லே அளவு."

அளந்து பார்க்க ஸ்கேல் எல்லாம் எங்களில் யாரிடமும் கிடையாது. மறுநாள் பகலில் கம்பிகளைத் தளர்த்தி, அவை ஏறி உட்காரும் எலும்புத் துண்டை உருவி, அடிப்பக்கத்தை உப்புத்தாளில் தேய்த்தேன். அப்போது வந்ததுதான் அந்த வாடை. மாட்டிப் பார்ப்பேன், காசை வைப்பேன், இடைவெளி இருக்கும், மறுபடி தேய்ப்பேன். கடைசியில் கம்பி காசைத் தொட்டது. வாசித்தேன். ஆறு கம்பியும் ஃப்ரெட்டில் மோதிக் கர்ரென்று இரைந்தன.

அண்ணாச்சி காசை வாங்கித் திருப்பிப் பார்த்தார். "கூறுகெட்ட பயலே, இது புதுக்காசுலா. நான் சொன்னது பழைய தடிக்காசு."

தங்க நிறத்தில் மெல்லிசாக ஒரு காசு அப்போதுதான் புழக்கத்துக்கு வந்திருந்தது. முதலிலேயே சொல்லித் தொலைத்திருக்கலாம் அந்த மனிதர். எனக்கு அந்தக் கோபம் இன்னும் போகவில்லை.

தேய்த்த எலும்பு வளராது. அடுத்த வெள்ளிக்கிழமை அத்தான் வருகிறார். குழுவின் விசிட்டிங் கார்டைக் கீற்றுகளாக வெட்டி, எலும்புக்கு அடியில் நான்கைச் சொருகி உயர்த்தினேன். இரைச்சல் நின்றது.

அத்தான் வந்து வாசித்தபோது அக்கா கிட்டாரைப் பார்க்கவே இல்லை. என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். மூன்று பாட்டும் முடிந்தன. "சும்மா கெடந்தும் நல்லாத்தான் இருக்கு," என்றார் அத்தான். அந்தத் தடவை கிட்டாரைக் கையோடு கொண்டுபோய்விட்டார். எனக்கு அப்பாடா என்று இருந்தது.

எட்டு மாதம் கழித்து அத்தானிடமிருந்து எனக்கு மட்டும் போன் வந்தது. "ஏலே, கம்பி மாத்துனேன். எலும்புக்கு அடியில ஒரு நம்பர் இருந்துச்சு. போன் போட்டேன்."

வெட்டிய கீற்றில் அண்ணாச்சியின் நம்பர் முழுசாக இருந்திருக்கிறது.

"தசராவுக்குப் பத்து நாளும் வாசிச்சியாம்லா. கூட்டம் ஆடுச்சாம்."

"அத்தான், அக்காவ ஒண்ணும்..."

"அவட்ட மூச்சு விடாத. எனக்குத் தெரியும்னு தெரிஞ்சா, பாவம், மூஞ்சிய எங்கன கொண்டு வைப்பா?" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டார்.

இப்போது அத்தான் ஊரோடு வந்துவிட்டார். கிட்டாரை அங்கேயே யாருக்கோ கொடுத்துவிட்டார். குழு கலைந்து, ஆட்கள் ஆளுக்கொரு ஊரில் இருக்கிறார்கள். அக்கா வீட்டுக்குப் போனால் மட்டும் இன்றைக்கும் என்னை அடுக்களைக்குள் கூப்பிட்டுப் பைய கேட்பாள்: "அவுகளுக்குத் தெரியாதுல்லாலே?"

தெரியாது என்பேன். முன்னறையில் அத்தான் டிவி சத்தத்தைக் கூட்டுவார்.